பிடிபட்ட பணத்தில் சேலத்துக்காரருக்குப் பங்கு உண்டா? வியன்னாவில் கூடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாடுகடந்த ஒழுங்கமைந்த குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளிலிருந்து வரும் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் வக்கீலாக இருக்கிறேன். பாகப்பிரிவினை, செக் கேஸ், விபத்து இழப்பீடு என்று போய்க்கொண்டிருந்த தொழிலுக்குள் சில ஆண்டுகளாக இணைய மோசடிக் கட்டுகளும் வந்து சேர்ந்துவிட்டன. உங்களுக்கு எழுதக் காரணம் என் கட்சிக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி. அதற்குச் சேலத்தில் யாரிடமும் பதில் இல்லை. டெல்லியில் இருக்குமா என்பதும் சந்தேகம். பதில் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

அவர் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) பங்குச்சந்தை டிப்ஸ் தருவதாகச் சொல்லி அவரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். முதலில் சின்னத் தொகை போடச் சொன்னார்கள், லாபத்தோடு எடுக்கவும் விட்டார்கள். பிறகு செல்போன் திரையில் ஏறிக்கொண்டே போன எண்ணை நம்பி, வெள்ளி வாங்க வைத்திருந்த முதலையும் மகள் கல்யாணத்துக்கென்று கட்டிவந்த சீட்டுப் பணத்தையும் கொட்டினார். எடுக்கப் போனால், 'முதலில் வரியைக் கட்டுங்கள்' என்று பதில் வந்தது. அதையும் கடன் வாங்கிக் கட்டினார். அதற்குப் பிறகுதான் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

2025 அக்டோபரில் ஒரு செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். இதே மாதிரி இணைய முதலீட்டு மோசடி நடத்தியதாகக் கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றச்சாட்டு வைத்து, 1,27,271 பிட்காயினைப் பறிமுதல் செய்யக் கோரிய செய்தி அது. அன்றைய மதிப்பில் சுமார் 1,500 கோடி டாலர். தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய பறிமுதல் நடவடிக்கை என்று அந்தத் துறையே சொல்லிக்கொண்டது. "இத்தனை பணம் அமெரிக்காக்காரன் கையில சிக்கியிருக்குதாமுங்க. அதுல நம்ம பணமும் இருக்குமில்லீங்களா? கேட்டா குடுப்பாங்களா சார்?" என்றார்.

அந்தக் குழுமம் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறது. நீதிமன்றம் சொல்லும்வரை அது குற்றச்சாட்டு மட்டுமே. என் கட்சிக்காரரின் பணம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது என்று நானும் சொல்லவில்லை. அங்கே போகவில்லை என்று சொல்லவும் யாராலும் முடியாது. ஏனென்றால் யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை, தேடிப் பார்க்கும் வசதியும் இங்கே இல்லை. நான் உங்களிடம் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி அசாமுக்குக் கிளம்பினால் அது எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று உரிமையாளர் வீட்டில் உட்கார்ந்தபடி ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியில் பார்த்துவிடுவார். அதே மாவட்டத்திலிருந்து கிளம்பும் மோசடிப் பணம் இரண்டாவது சாவடியிலேயே மறைந்துபோகிறது. நடப்பது இதுதான். பட்டறைக்காரர் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்பிய தொகை, வடமாநிலத்தில் ஏதோ துணி வியாபாரத்தின் பெயரில் திறந்த நடப்புக் கணக்குக்குப் போகிறது. கணக்குக்குச் சொந்தக்காரர் மாத வாடகைக்கோ கமிஷனுக்கோ அதைக் கொடுத்தவர். சில நிமிடங்களில் தொகை பல துண்டாகி அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுகிறது. சில துண்டுகள் ஏ.டி.எம்.மில் ரொக்கமாகின்றன. மற்றவை டாலர் மதிப்போடு கட்டிவைத்த யு.எஸ்.டி.டி. என்ற கிரிப்டோ நாணயமாக மாறி, பெயரில்லாத ஒரு டிஜிட்டல் பணப்பைக்குள் போய்விடுகின்றன. 1930 உதவி எண் நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். புகார் சீக்கிரம் போனால் வங்கிக்குள் மிச்சமிருப்பதை முடக்கிவிடுகிறார்கள். முடங்கிய தொகையை பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவில் மனுப்போட்டு வாங்கிக் கொடுப்பதுதான் என்னைப் போன்றவர்களுக்கு இப்போது வேலை. (அந்த வலையில் அப்பாவிகளும் சிக்குகிறார்கள். கறைபட்ட கணக்கிலிருந்து யாரோ டீக்குப் பணம் அனுப்பியதற்காக டீக்கடைக்காரரின் கணக்கு முடங்கும் கூத்தெல்லாம் உண்டு. அது வேறு மடல்.)

கிரிப்டோவாக மாறிய பணத்தைத் தேட வேண்டுமென்றால் கிரிப்டோ வாங்கி விற்கும் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சிடம் விவரம் கேட்க வேண்டும். பரஸ்பர சட்ட உதவி வழியாக, அதாவது அரசுக்கு அரசு கேட்டு வாருங்கள் என்று அங்கிருந்து பதில் வரும். அந்த வழியைக் கொஞ்சம் நடந்து பாருங்கள். விசாரணை அதிகாரி கோப்பு தயாரிக்க வேண்டும். மாநில அரசு வழியாக மத்திய உள்துறையின் சம்மதம் வாங்க வேண்டும். பிறகு பி.என்.எஸ்.எஸ். 112-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் கோரிக்கைக் கடிதம் வழங்க வேண்டும். அந்தக் கடிதம் போகும் நாட்டின் மொழிபெயர்ப்போடு மறுபடி டெல்லிக்குப் போய், அங்கிருந்து அந்த நாட்டின் மைய அமைப்புக்குப் போய், அங்கே ஒரு வழக்குரைஞர் மேசையில் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு ஐ.பி. முகவரியின் பதிவு அதுவரை அழியாமல் இருந்தால் அதிசயம். பல நூறு புகார்களைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர், பட்டறைக்காரர் ஒருவருக்காக இந்த வழியில் இறங்குவாரா? அவர் இடத்தில் நான் இருந்தாலும் இறங்கமாட்டேன்.

2024-இல் மட்டும் இந்தியர்கள் இணைய மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. 2023-இல் அது 7,465 கோடி. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2023-இல் 1,800 கோடி முதல் 3,700 கோடி டாலர் வரை மோசடியில் போயிருக்கும் என்று உங்கள் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமே மதிப்பிட்டிருக்கிறது. இவ்வளவு பணமும் ஆவியாகிவிடவில்லை. எங்கோ கட்டடமாக, படகாக, பிட்காயினாக இருக்கிறது. அதில் ஒரு பகுதி அவ்வப்போது பிடிபடுகிறது. பெரும்பாலும் பணக்கார நாடுகளில்தான் பிடிபடுகிறது, ஏனென்றால் கருவியும் அதிகாரமும் அங்கேதான் இருக்கின்றன. பிடித்த நாட்டின் கஜானாவுக்கு அது போய்விட்டால் பட்டறைக்காரர் இரண்டாம் முறையும் அதை இழக்கிறார்.

உங்கள் உடன்படிக்கை இதை யோசிக்காமல் எழுதப்படவில்லை. 2000 டிசம்பரில் இத்தாலியின் பலேர்மோவில் கையெழுத்துக்கு வைத்தீர்கள். அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். மாஃபியாவின் வங்கிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போன நீதிபதி ஜொவானி ஃபால்கோனே 1992 மே 23 அன்று அந்த ஊருக்கு வரும் நெடுஞ்சாலையில் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். இரண்டு மாதம் கழித்து அவருடைய சகா பாவ்லோ போர்சலினோவும் கொல்லப்பட்டார். பிறகு இத்தாலி ஒரு காரியம் செய்தது. 1996-இன் 109-ஆம் எண் சட்டத்தின் மூலம், மாஃபியாவிடம் பறித்த நிலத்தையும் வீட்டையும் பொதுப் பயனுக்குத் திருப்பிக் கொடுக்க வழி வைத்தது. சிசிலியில் மாஃபியா தலைவர்கள் வைத்திருந்த வயல்களில் இன்று கூட்டுறவுச் சங்கங்கள் கோதுமை விதைக்கின்றன. ஒரே நாட்டுக்குள் என்றால், பாதிக்கப்பட்ட ஊருக்கே பணம் திரும்ப வேண்டும் என்பதில் உங்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. எல்லை தாண்டும்போதுதான் தயக்கம் வருகிறது.

உங்கள் உடன்படிக்கையின் பிரிவு 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாட்டின் கோரிக்கையின் பேரில் பறிமுதல் செய்த பணத்தை, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும்படி அந்த நாட்டுக்கே அனுப்புவது பற்றி முன்னுரிமையோடு பரிசீலிக்க வேண்டும் என்கிறது. அதுவும் உள்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, அதுவும் அந்த நாடு கேட்டால். வக்கீலாகச் சொல்கிறேன், இப்படி எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு முன்சீப் கோர்ட்டில்கூட ஒன்றும் சாதிக்க முடியாது. இதே ஐ.நா. 2003-இல் கொண்டுவந்த ஊழலுக்கு எதிரான உடன்படிக்கையின் 57-ஆம் பிரிவு வேறு மாதிரி பேசுகிறது. பொதுப்பணத்தைக் கையாடிய வழக்கு என்றால் பறித்ததைக் கோரிய நாட்டுக்குத் திருப்பியே ஆக வேண்டும். அரசாங்கத்தின் பணம் திருடுபோனால் கடமை. கொலுசுப் பட்டறைக்காரரின் பணம் திருடுபோனால் பரிசீலனை. இந்த வித்தியாசத்துக்கு எவரும் இதுவரை எனக்கு ஏற்கும்படியான நியாயம் சொன்னதில்லை. 2024 டிசம்பரில் நிறைவேறி, 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்கு வந்த சைபர் குற்ற உடன்படிக்கையாவது இதைச் சரிசெய்யும் என்று பார்த்தேன். அங்கும் அதே பரிசீலனைதான்.

'பாதிக்கப்பட்டவர்கள் மனுப்போடலாமே, அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதே' என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இருக்கிறது. ஆனால் மனுதாரர் தன் இழப்புக்கும் அந்தக் குற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். என் கட்சிக்காரரிடம் இருப்பது ஆர்.டி.ஜி.எஸ். சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், சைபர் கிரைம் காவல் நிலையத்தின் எஃப்.ஐ.ஆர்., அவ்வளவுதான். அந்தத் துணி வியாபாரக் கணக்கிலிருந்து எந்தப் பணப்பைக்குப் பணம் போனது என்று காட்டும் கருவிக்கு வருடாவருடம் டாலரில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். கெடு தேதி எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் வராது. அவர் ஆடு விற்ற ரசீதுகூடத் தமிழில் எழுதி வாங்குகிறவர்.

இந்தக் குற்றத்துக்கு இன்னொரு வகையான பாதிக்கப்பட்டவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறிய பிள்ளைகள். வாழப்பாடி, ஆத்தூர், ஏற்காட்டு மலையின் காபித் தோட்டக் குடும்பங்கள் என்று எங்கிருந்தும் ஏஜென்ட் ஆள் பிடிப்பான். டிப்ளமாவோ டிகிரியோ முடித்து, கம்ப்யூட்டர் தெரிந்து, உள்ளூரில் வேலை இல்லாத பையன்தான் அவனுக்கு வேண்டும். எங்கள் நாட்டின் 1983 குடியகல்வுச் சட்டம் படிக்காத கூலித் தொழிலாளியைக் காப்பாற்ற எழுதியது. பத்தாவது தேறியவனின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவையில்லை. சட்டத்தின் கண் வளைகுடாவுக்குப் போகும் கொத்தனார் மீது இருக்க, டிகிரிக்காரன் சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொண்டு பாங்காக் போய் இறங்குகிறான். அங்கிருந்து மே சோட், பிறகு மொய் ஆறு, அக்கரையில் மியான்மரின் மியாவடியில் இருக்கும் மோசடி முகாம்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, காதல் பேசியும் முதலீடு பேசியும் அயல்நாட்டாரை ஏமாற்றச் சொல்கிறார்கள். இலக்கு எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி. மியான்மரில் 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது.

2022 அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மியாவடியிலிருந்து மீண்டு சென்னைக்கு வந்தது எங்களுக்கெல்லாம் நினைவிருக்கிறது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் மே சோட்டிலிருந்து திரும்பினார்கள். வந்தவர்களை வீட்டில் கட்டிப்பிடித்து அழுத பிறகு விசாரணை தொடங்குகிறது. நீ எத்தனை பேரை ஏமாற்றினாய், யாருடைய கணக்கை இயக்கினாய்? கேட்க வேண்டிய கேள்விதான். ஏஜென்ட்களில் சிலர் முன்பு போய் வந்தவர்களே. ஆனால் கட்டாயத்தின் பேரில் செய்ததற்குத் தண்டிக்கக் கூடாது என்ற தெளிவான விதி உங்கள் உடன்படிக்கையோடு இணைந்த ஆள்கடத்தல் நெறிமுறையில் கிடையாது. வஞ்சித்தோ மிரட்டியோ கொண்டுபோனவரின் சம்மதம் செல்லாது என்று அதே நெறிமுறையின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. சம்மதம் செல்லாது என்றால் குற்றம் மட்டும் எப்படிச் செல்லும்? விதி இல்லாததால் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டப்படி நடக்கிறது. ஆற்றைத் தாண்டித் தப்பி வந்தவனைச் சட்டவிரோதமாக நுழைந்தவன் என்று அடைத்துவைப்பதும் இதில் சேர்த்திதான். அந்தப் பையன் சாட்சியாக வந்தால் முகாமின் முதலாளி வரை தொட முடியும். குற்றவாளியாகிவிடுவோம் என்று பயந்து அவன் வாயை மூடிக்கொள்கிறான்.

இனி உதவி பற்றி. வளரும் நாடுகளின் திறனைக் கூட்ட உறுப்பு நாடுகள் தொடர்ந்து போதுமான நன்கொடை தர முயல வேண்டும், பறிமுதல் பணத்தின் ஒரு பங்கையும் அதற்கென்று தனிக் கணக்கில் போடலாம் என்று உடன்படிக்கையின் பிரிவு 30 சொல்கிறது. நடைமுறையில் உங்கள் அலுவலகத்தின் பெரும்பகுதிச் செலவு தன்னார்வ நன்கொடையில் ஓடுகிறது. அதுவும் இன்ன நாட்டில் இன்ன வேலைக்கு என்று கொடுப்பவர் குறித்துக் கொடுப்பது. கொடுப்பவருக்குத் தன் ஊருக்கு வரும் போதைப்பொருள் மீதும் தன் கரைக்கு வரும் அகதிப் படகு மீதும் அக்கறை. சிவதாபுரத்துக் கணக்கு மீது அவருக்கு என்ன அக்கறை இருக்கும்? வருவதெல்லாம் பெரும்பாலும் பயிற்சி வகுப்புகள்தான். நட்சத்திர ஹோட்டல், வழவழப்பான கையேடு, குழுப்படம், சான்றிதழ். பயிற்சி பெற்ற அதிகாரி அடுத்த மாறுதலில் வேறு பிரிவுக்குப் போய்விடுவார். அதற்கு எங்கள் அரசைத்தான் திட்ட வேண்டும், உங்களையல்ல.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2002 டிசம்பரில் இந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இந்தியா, அதை ஏற்று உறுதிசெய்ய 2011 மே வரை எடுத்துக்கொண்டது. அமெரிக்க முதியவர்களைக் கம்ப்யூட்டர் வைரஸ் என்று மிரட்டிப் பணம் பிடுங்கும் கால்சென்டர்கள் எங்கள் நகரங்களில் இயங்கிப் பிடிபட்டிருக்கின்றன. அங்கே பாட்டியம்மா ஒருவர் இழந்த பணம் இங்கே பிடிபட்டால் அவருக்கும் திரும்பத்தான் வேண்டும். நான் கேட்கும் விதி எங்களையும் கட்டட்டும்.

மியான்மரையும் லாவோஸையும் கம்போடியாவையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எளிது. 2019-இல் கம்போடியா ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை போட்டது, அடுத்து கொரோனா வந்தது. காலியாய் நின்ற சூதாட்டக் கட்டடங்களில்தான் இந்தத் தொழில் குடியேறியது. பிழைப்புக்கு வேறு வழி காட்டாமல் ஒரு கட்டடத்தை இடித்தால் கும்பல் பக்கத்து நாட்டுக்கு நகரும். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து மியாவடிப் பக்கம் மின்சாரத்தையும் எரிபொருளையும் இணையத்தையும் துண்டித்துப் பார்த்தது. முகாம்கள் வானத்திலிருந்து இணையம் வாங்கிக்கொண்டன. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு அமெரிக்க நிறுவனம் 2,500-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவிகளை அணைத்ததாக அறிவித்தது. ஏழை நாட்டின் எல்லைக் காவலர் எத்தனை பேர் நின்றாலும் அணைக்க முடியாத கருவி அது. சுவிட்ச் வேறு நாட்டில் இருந்தது.

ஆகவே நான் கேட்பது. பிடிபட்ட டிஜிட்டல் பணப்பைகளின் முகவரிகளை, புகார் குவிந்துள்ள நாடுகளின் காவல்துறைக்குத் தாமதமில்லாமல் கொடுங்கள். இங்கே 1930-இல் பதிவான லட்சக்கணக்கான புகார்களின் கணக்கு எண்களை இந்தியா கொடுக்கட்டும். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலையை, கருவி வைத்திருக்கும் நாடு தன் செலவில் செய்யட்டும். தொடர்பை நிரூபிக்கும் பாரத்தைப் பட்டறைக்காரர் தலையில் வைக்காதீர்கள். தனித்தனி மனுக்களுக்குப் பதில், பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் அவர்கள் நாடே மொத்தமாகக் கோர வழி செய்யுங்கள். வந்த பணம் எங்கள் அரசின் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல் இருக்க, பெயர்ப் பட்டியலோடு பங்கிட்டதை உங்கள் மறுஆய்வு ஏற்பாட்டிடம் காட்டச் சொல்லுங்கள். எங்கள் ஆட்சியாளர்களுக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

உரியவர் யாரென்று கண்டுபிடிக்கவே முடியாத மிச்சத்தை, எந்த நாட்டின் குறிப்பும் இல்லாமல் பிரிவு 30-இன் கணக்கில் போடுங்கள். அதிலிருந்து மாவட்டக் காவல் நிலையங்களுக்குத் தேடும் மென்பொருளும், கோரிக்கைக் கடிதங்களை கெமர், தாய், பர்மிய மொழிகளில் பெயர்க்கும் ஆட்களும் கிடைக்கட்டும். முகாமிலிருந்து மீண்டவர்களைத் தண்டிக்காமல் சாட்சிகளாக நடத்தும் விதியை ஆள்கடத்தல் நெறிமுறைக்குத் திருத்தமாகக் கொண்டுவாருங்கள். திருத்தம் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றால் அதுவரை தீர்மானமாகவாவது நிறைவேற்றுங்கள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறீர்கள். அடுத்த அமர்வில் பிரிவு 14-ஐத் தனி விவாதப் பொருளாக வையுங்கள். இதுவரை பறிமுதலானதில் எவ்வளவு எந்த நாட்டுக்குத் திரும்பியது என்று ஒவ்வொரு பணக்கார நாடும் எழுந்து நின்று சொல்லட்டும். அந்த நாளில் பார்வையாளர் வரிசையில் பணம் இழந்தவர்களும் முகாமிலிருந்து மீண்டவர்களும் சிலராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் வியன்னா வந்துபோகும் செலவைப் பறிமுதல் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்